மழை வந்ததும் மூடப்படும் கணக்கு: வறட்சி குறித்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் குழுவினருக்கும், நீர் விநியோகப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், தோட்ட நிர்வாகத்தினருக்கும், மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில் உள்ள தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து வணக்கம்.

நம் வட்டாரத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவது புதிதல்ல. பசிபிக் கடல் சூடேறி நம் பக்கத்து மழையைக் குறைக்கும் எல் நினோ வரும் ஆண்டுகளில் அந்த வறட்சி ஏப்ரல், மே வரை நீண்டுவிடுகிறது. அப்போதெல்லாம் அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிறது. மூடா சமவெளியின் நெல் வயல்களுக்கு எப்போது நீர் திறப்பது என்று கூட்டம் நடக்கிறது. தொழிற்பேட்டைகளுக்கு நீர் தடைபடாமல் இருக்க ஏற்பாடு செய்யப்படுகிறது. இவை எதையும் நான் குறை கூறவில்லை. ஆனால் முதல் இரண்டு பெரிய மழை பெய்தவுடன் குழு கலைந்து, கோப்பு மூடப்பட்டு, வறட்சி முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. தோட்டப்புறத்தில் வறட்சியின் நட்டம் கைக்கு வந்து சேருவது அதற்குப் பிறகுதான். அந்தப் பிந்திய நட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் வருகையையும் கூலியையும் எழுதும் செக்ரோல், மகசூல் பதிவேடு, காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதும் மழைப் பதிவேடு ஆகிய மூன்றும் என் மேசையில்தான் இருந்தன. இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் கீழே சொல்லப்போவது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அது ஏன் அரசாங்க அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தண்ணீரை நம்பி வாழும் மரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் மாதத்திற்கு 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பரவலாகப் பெய்தால்தான் அது முழு மகசூலைத் தரும். வறட்சி வந்தால் வாழை போல் அது உடனே துவண்டு காட்டுவதில்லை. ஏற்கெனவே பழுத்துவரும் குலைகள் ஓரளவு தப்பிவிடும். பூக்கும் பருவத்தில் இருப்பவை கருகும். அதற்கும் முன்பே, ஓலையிடுக்கில் கண்ணுக்குத் தெரியாத மொட்டாக இருப்பவை ஆண் பூவாக மாறிவிடும். ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிறது என்பதால், இந்த மார்ச்சில் மண் காய்ந்ததன் விளைவு ஒன்பது, பத்து மாதங்கள் கழித்து ஒரு முறையும், பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதங்கள் கழித்து இன்னொரு முறையும் தலைகாட்டும். அந்த நேரத்தில் மழை தாராளமாகப் பெய்துகொண்டிருக்கலாம்; வாய்க்காலில் நீர் நிரம்பி ஓடலாம். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்குத் தோட்டம் பச்சைப் பசேலென்றுதான் தெரியும்.

உள்ளே நடந்து பார்த்தால் நிலைமை வேறு. வறட்சியில் சிக்கிய மரத்தின் உச்சியில் விரியாத குருத்துகள் மூன்று, நான்கு ஒன்றாக ஈட்டி போல் நிற்கும். கீழ் ஓலைகள் முறிந்து தண்டோடு தொங்கும். குலை இருக்க வேண்டிய கக்கங்களில் விரல் விரலாக ஆண் பூக்கள் நிறைந்திருக்கும். குலை வெட்டும் தொழிலாளி பத்து நாளுக்கு ஒரு முறை சுற்றிவந்த அதே நிரையை இருபது நாளுக்கு ஒரு முறை சுற்றினாலும் முன்பு கிடைத்த பாரம் கிடைப்பதில்லை. நடை குறையவில்லை, அரிவாளைத் தூக்கும் சுமை குறையவில்லை, வெயிலும் குறையவில்லை. கூலி மட்டும் குறைகிறது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு மூட்டை குறைகிறது, லோரி ஓட்டுநருக்கு நடை குறைகிறது, ஆலையில் மிகைநேர வேலை நிற்கிறது. பட்டணத்து மளிகைக் கடையில் கடன் புத்தகம் தடிப்பதைக் கொண்டே எந்த மாதத்தில் மகசூல் விழுந்தது என்று கடைக்காரர் சொல்லிவிடுவார்.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2015-இன் நடுவில் தொடங்கிய எல் நினோ 2016-இன் நடுவில் தணிந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் புள்ளிவிவரப்படி நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் 1 கோடியே 99 லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. 2016-இல் 1 கோடியே 73 லட்சம் டன்னாகச் சரிந்தது. அதாவது 13 விழுக்காட்டு வீழ்ச்சி. ஒரு ஹெக்டருக்குக் கிடைத்த குலை சராசரியாக 18 டன்னுக்கு மேல் இருந்தது 16 டன்னுக்கும் கீழே போயிற்று. இது வரை எல்லாருக்கும் தெரிந்த கதை. கவனிக்க வேண்டியது அடுத்த வரி. அதே ஆண்டில் எண்ணெயின் சராசரி விலை டன்னுக்கு ஏறக்குறைய 2,150 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2,650 வெள்ளிக்கு ஏறியது. உற்பத்தியையும் விலையையும் பெருக்கிப் பாருங்கள்: 2015-இல் சுமார் 4,300 கோடி வெள்ளி, 2016-இல் சுமார் 4,600 கோடி வெள்ளி. சரக்கு குறைந்ததால் விலை ஏறி, மொத்த மதிப்பு குறையாமல் போனதோடு சற்றுக் கூடியும் விட்டது. நாட்டின் ஏட்டில் அந்த வறட்சி நட்டமாகவே பதிவாகவில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்.

ஆனால் டன்னுக்கு இவ்வளவு, குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த விலையேற்றம் முழுதாக வந்து சேருவதில்லை. தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் உள்ளவர்களுக்கு விலையைப் பொறுத்த ஊக்கத்தொகை ஓரளவு உண்டு. குத்தகையாளரின் கீழ் வேலை செய்பவர்களுக்கும், கணக்கிலேயே வராமல் உதவிக்குப் போகும் குடும்பத்தாருக்கும் அதுவும் இல்லை. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வேலையளவுக்கு ஏற்பக் கூலி பெறுபவர்களுக்கும் பொருந்தும் என்பது சட்டம். நடைமுறையில், மகசூல் இல்லாத மாதத்தில் வேலை நாள்களைக் குறைத்து, வராத நாளாகக் குறித்துவிட்டால் அந்த அளவு எளிதாக நழுவிவிடும் என்பது செக்ரோல் எழுதிய எவருக்கும் தெரியும். தோட்ட நிர்வாகத்தினரை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: வறட்சிக்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளில், குலை குறைந்த மாதங்களில், தொழிலாளி வேலைக்கு வரத் தயாராக இருந்த நாளெல்லாம் வேலை நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். ஓலை அடுக்குவது, வாய்க்கால் தூர்வாருவது, ஆலையில் பழம் நீக்கிய வெற்றுக் குலை பரப்புவது என்று அப்போது செய்யத்தக்க வேலைக்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. இக்கோரிக்கை நம்மவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். கடன்பட்டு வந்த அவர்களுக்குக் குறைந்த கூலி என்பது நம்மைவிடக் கொடிது.

ரப்பரைப் பற்றியும் ஒரு சொல். தென் கெடாவிலும் பாலிங் பக்கத்திலும் இன்னும் பால்மரத்தை நம்பியிருக்கும் சிறுதோட்டக்காரர்கள் நிறைய உள்ளனர். ஆண்டின் முதல் மாதங்கள் எப்படியும் இலையுதிர் காலம், பால் குறையும். அதோடு வறட்சியும் சேர்ந்தால் விடியற்காலையில் வெட்டிய பட்டையில் பால் கோப்பையை எட்டும் முன்பே உறைந்துவிடும். புதுத் துளிர் வருவதும் தள்ளிப்போகும். மழையால் வெட்ட முடியாத மாதங்களுக்காக ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கு மழைக்கால உதவித்தொகை வழங்கும் நல்ல திட்டம் ஒன்று நடப்பில் உள்ளது. விலை விழும்போது தாங்கிப் பிடிக்கும் ஊக்கத்தொகையும் உள்ளது. மழை மிகுந்தால் வருமானம் போகிறது என்பதை ஏற்றுக்கொண்ட அரசு, மழை பொய்த்தாலும் அதே வருமானம் போகிறது என்பதை ஏற்பதில் என்ன தடை இருக்க முடியும்? மழைக்கால உதவிக்கு ஏற்கெனவே உள்ள பதிவேட்டையே பயன்படுத்தி வறட்சிக்கால உதவியையும் வழங்கலாம். புதிய அலுவலகமோ புதிய படிவமோ தேவையில்லை.

அடுத்தது குடிநீர். தோட்டத் தொழிலாளர்களுக்குப் போதிய குழாய்நீரை முதலாளி இலவசமாக வழங்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் சட்டம், அதாவது சட்டம் 446, கூறுகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த காலத்தில் அதை யாரிடம் கேட்பது என்ற தெளிவாவது இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பலமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தபின், நீரழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது அந்தக் கடைசிக் குழாய்கள்தான். மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு நள்ளிரவுக்குப் பின்னரே நூலாக வருகிறது. லயங்களிலேயே தங்கியிருப்பவர்களில் சிலர் தோட்டத்துக் குட்டை நீரை இன்றும் நம்பியுள்ளனர். குட்டை சுருங்கினால் அடியில் எஞ்சுவது எந்தெந்த உரமும் களைக்கொல்லியும் கரைந்த நீர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீர்த்தடை வரும்போது தண்ணீர் லோரி அனுப்புகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அது வருவது காலை பத்து, பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும். பெரிய பீப்பாயைத் தூக்க முடியாத அவர்கள் சமையல் வாளியில் பிடித்துக்கொண்டு நிற்க, மோட்டாரும் ஆள்பலமும் உள்ளவர்கள் நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் வருபவருக்குத் தெருவில் ஈரம்தான் மிச்சம். ஒவ்வொரு குடியிருப்பிலும் பூட்டும் குழாயும் கொண்ட நிலையான தொட்டி ஒன்றை வைத்து அதை இரவில் நிரப்பிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. ஆண்டு முழுவதும் கிடங்கில் கிடக்கும் தொட்டிகளை டிசம்பரிலேயே கொண்டுவந்து வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

காசுக் கணக்கையும் பாருங்கள். குழாயில் வரும் ஆயிரம் லிட்டர் நீருக்கு ஒரு குடும்பம் செலுத்துவது ஒன்றிரண்டு வெள்ளிக்குள்தான். குழாய் நின்றுவிட்டால் அதே வெள்ளிக்குக் கடைத்தெரு இயந்திரத்தில் சில லிட்டர்தான் கிடைக்கும். வருமானம் குறைந்தவர்களே தண்ணீருக்குப் பன்மடங்கு விலை கொடுக்கும் நிலை இது. மாடு வளர்ப்பவர்களின் பாடு இன்னும் மோசம். கறவை மாடு ஒன்று நாளுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். தோட்டத்துப் புல் கருகிவிட்டால் தீவனத்தையும் விலைக்கு வாங்க வேண்டும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் இந்த வறண்ட மாதங்களில்தான் வருகின்றன. பாலுக்குத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பால் குறைவாகக் கறக்கிறது என்பதால் அவர்கள் இழக்கும் தொகை எந்த விவசாய இழப்பீட்டுப் படிவத்திலும் ஏறுவதில்லை.

நீர் இல்லை என்ற விளக்கத்தை மக்கள் முழுமையாக ஏற்காததற்கும் காரணம் உண்டு. சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் தேசிய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 37 விழுக்காடு, கசிவிலும் திருட்டிலும் பழுதான மானியிலும் வருவாய் தராமல் போகிறது. நம் மாநிலத்தின் நிலை அந்தச் சராசரியைவிட மோசமானது. கல்நார் சிமெண்ட் குழாய்கள் சாலையோரத்தில் உடைந்து ஊற்றெடுப்பதை நாங்கள் காணாத மாதமில்லை. மூடா ஆற்று நீருக்கு அண்டை மாநிலமான பினாங்கு பணம் தர வேண்டுமா என்ற தகராறு இரண்டு மாநிலங்களுக்கும் இடையில் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. பினாங்கு தன் நீரில் ஐந்தில் நான்கு பங்கை அந்த ஆற்றிலிருந்து எடுப்பதால் உலு மூடா காட்டைக் காப்பதற்கான செலவில் அதற்கும் பங்கு இருப்பது நியாயம்தான் என்பது என் கருத்து; ஆனால் காட்டை வெட்டிக்கொண்டே காட்டுக்குக் கூலி கேட்பது நியாயமாகாது. உலு மூடாவின் மேல்நிலங்கள்தாம் மூடா, பெடு, ஆனிங் அணைகளுக்கு நீர் தருபவை. செயற்கை மழைக்கான மேக விதைப்புக்கு விமானம் ஏறும் படங்கள் செய்தித்தாளில் நன்றாகத்தான் இருக்கின்றன. தகுந்த மேகம் இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும் என்பதையும், வறட்சி முற்றிய நாளில் அந்த மேகமே இருக்காது என்பதையும் வானிலை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இனி ஆறும் மண்ணும். வறட்சியில் ஓடை சுருங்கும்போது அதில் கலக்கும் கழிவு சுருங்குவதில்லை. ஆலையில் ஒரு டன் எண்ணெய் எடுக்க இரண்டரை டன்னுக்குக் குறையாத கழிவுநீர் வெளியாகிறது. குளங்களில் தேக்கிச் சுத்திகரித்த பின்னரே அது விடப்படுகிறது என்றாலும், அதை வாங்கி நீர்க்கச் செய்ய வேண்டிய ஆறு கணுக்காலளவு ஓடினால் என்ன ஆகும்? 2014-இன் வறட்சியில் சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் அமோனியா கூடியதால் செராஸ் 11-ஆம் மைல், புக்கிட் தம்போய் சுத்திகரிப்பு நிலையங்கள் திரும்பத் திரும்ப மூடப்பட்டன. ஆற்றில் நீர் இருந்தும் குடிக்க முடியவில்லை. அதே ஆண்டில் அம்மாநிலம் பழைய ஈயக் குட்டைகளின் நீரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. நம் வட்டாரத்துச் சிற்றாறுகள் லங்காட்டைவிடச் சிறியவை. உலர்ந்த மாதங்களில் கழிவு வெளியேற்றத்திற்குத் தனி வரம்பு விதிக்க வேண்டும். அந்த மாதங்களின் நீர்ச் சோதனை முடிவுகளை ஆற்றோரம் வாழ்பவர்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

ஆற்றின் அகலத்தைப் பொறுத்து 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை கரையோரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுநடவு செய்யும்போது, இயந்திரங்கள் கரைவரை வழித்துவிட்டுப் போவதால் அந்த ஒதுக்கு நிலம் ஏட்டில் மட்டும் எஞ்சுகிறது. கரை மரங்கள் நின்ற காலத்தில் எங்கள் ஓடையில் மார்ச் மாதத்திலும் கெளுத்தி பிடித்தோம்; இப்போது ஓடை அடிமணல் தெரியக் கிடக்கிறது. மறுநடவுக்கு அனுமதி தரும்போதே கரையை அளந்து கல் நட்டுக் கொடுத்தால் பின்னால் வழக்காட வேண்டியிராது. மக்கிய தாவரங்களால் ஆன கரி மண் நிலங்களின் ஆபத்து நம் வட்டாரத்திற்குக் குறைவு என்றாலும், அது காய்ந்து எரிந்தால் புகை நம்மையும் விடுவதில்லை. 1997-இல் சரவாக்கின் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான புகைமூட்டத்தால் மலேசியாவுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொருளியலாளர்கள் சுமார் 80 கோடி வெள்ளி என்று மதிப்பிட்டார்கள். புகைக்கு அப்படி ஒரு மதிப்பீடு செய்ய முடிந்தது என்றால், வறட்சிக்குப் பிந்திய கூலி நட்டத்தையும் மதிப்பிட முடியும்.

ஆகவே மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் குழுவிடம் எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. வறட்சி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இருபத்து நான்கு மாதங்கள் வரை, மாவட்டத்தின் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மாத மழையளவு, ஹெக்டருக்கான மகசூல், தொழிலாளியின் சராசரி வேலை நாள், சராசரிக் கூலி ஆகிய நான்கையும் பெற்று வெளியிட வேண்டும். தோட்ட அலுவலகங்களில் இவை எல்லாம் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. ஒரு தாளில் ஏற்றி அனுப்புவதுதான் கூடுதல் வேலை. அந்தக் குழுவில் தோட்டப்புறத்துக் குடியிருப்புகளின் சார்பாளர் ஒருவரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் உட்கார இடம் தர வேண்டும். பள்ளிக் கழிவறைகள் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வரும் ஜனவரிக்கு முன் தொட்டிகளும், கசியும் குழாய்களின் மாற்று அட்டவணையும், மாநில வரவு செலவுத் திட்டத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கான வறட்சி உதவியும் முடிவாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மூடப்பட்ட தோட்டங்களின் பழைய மழைப் பதிவேடுகள் சில, அவற்றை எழுதிய கிராணிகளின் வீடுகளில் கரையானுக்குத் தப்பி இன்னும் இருக்கின்றன. குழு கேட்டால் அவற்றைத் திரட்டி, மகசூல் கணக்கோடு ஒப்பிட்டுத் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஊதியமின்றி ஆயத்தமாக உள்ளோம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
தென் கெடா